பல் பட்ட பென்சில்

மஹய்யாவ, கண்டி
11.01.2026

அன்புள்ள தங்கை பேச்சியம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. மண்சரிவில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பவளிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போர்வையும் மண்ணெண்ணெய் அடுப்பும் ரமேஸிடம் கொடுத்தனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்? இங்கே வந்து என்னோடு இரு என்றும் சொல்லியனுப்பினேன். "முகாம விட்டுப் போனா வீட்டு லிஸ்ட்ல பேர வெட்டிருவாங்களாம்" என்று உன் மகன் பதில் கொண்டுவந்தான். சரி, உன் வீடு, உன் பெயர். இனி நான் கூப்பிடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ரமேஸ் வந்தான். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, அம்மா அந்தப் பென்சிலக் கேட்டாங்க" என்றான். எந்தப் பென்சில் என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். "தங்கச்சியோடது. பேப்பர்ல போட்டோ பாத்தாங்க" என்றான்.

நான் எழுதத் தொடங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. என் புத்தகம் ஒன்றை நீ பிரித்துப் பார்த்ததில்லை. என் மேசையைப் படம் பிடித்துப் போட்டதும் உடனே பார்த்திருக்கிறாய். அந்த மட்டில் மகிழ்ச்சி.

படம் எடுக்க வந்த பிள்ளை, "ஐயா, எழுத உக்காரும்போது உங்களுக்கு எது துணை?" என்று கேட்டது. மூன்று பொருளைக் காட்டினேன். முதலாவது அந்த ஐந்து அங்குல ஆணி. இரும்புக்கடையில் ஆணி சுற்றிக் கொடுக்கும் பத்திரிகைத் தாளில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது உன் அண்ணியின் மூக்குக்கண்ணாடி. அவள் போன பிறகும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, மைக்கூட்டுக்குள் நிற்கும் உன் மகள் யசோதினியின் பென்சில். அதைக் கையில் எடுக்காமல் நான் ஒரு கதையும் தொடங்கியதில்லை.

ஆகவே தர முடியாது. ஒரு நாவல் தொடங்க இருக்கிறேன். இந்த வயதில் அதுவே கடைசியாக இருக்கும். மேலும், அதை நான் திருடிக்கொண்டு வரவில்லை. பிள்ளையின் கருமாதியன்று அவள் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடுத்துக்கோங்கண்ணே" என்றாய். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நம் வீட்டில் பழக்கம் இல்லை.

வேண்டுமானால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்புகிறேன்.

போனில் பேசாதே. நீ அழுவாய், நான் கத்துவேன். சொல்ல வந்தது அப்படியே மீதியிருக்கும். நீ பள்ளிக்கூடம் போனவள்தானே, எழுது.

இப்படிக்கு,
எழுத்தாளர் செல்லச்சாமி


தோட்டப் பாடசாலை மண்டபம்
ஹுன்னஸ்கிரிய
17.01.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

போர்வை வந்தது. அடுப்பும் வந்தது. முகாமில் அந்த அடுப்பில்தான் பொங்கல் வைத்தோம். பால் பொங்கி வழிந்து திரியை அணைத்துவிட்டது. மண்சரிவுக்குப் பிறகு அன்றுதான் எல்லோரும் சிரித்தோம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? குளிர் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

அண்ணே, பென்சில் உங்களிடம் இருந்த இத்தனை வருடமும் நான் அதைக் கேட்டேனா? கேட்கத் தேவை இருக்கவில்லை. என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய அவள் இருந்தாள். வெள்ளைச் சட்டை, ரிப்பன், சித்திரக் கொப்பி, ஒரு கால் சப்பாத்து. உங்களிடம் ஒன்று இருந்தது. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இப்போது எங்கள் காம்பரா வீடு இருந்த இடத்தில் மலை உட்கார்ந்திருக்கிறது. தோண்டினார்கள். பக்கத்து வீட்டுத் தையல் மெசின் கிடைத்தது. அதைத் துடைத்துக் கொடுத்தார்கள். என் பெட்டி கிடைக்கவில்லை. இனித் தோண்ட வேண்டாம், மேலே இன்னும் மண் வெடித்திருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்கு முன்பல் விழுந்த அன்று அதைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்தோம். தகரத்தில் டக்கென்று விழுந்து உருண்டு, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் போய் நின்றது. அதற்குப் பிறகு மழை பெய்தால் பீலியைப் பார்ப்பாள், பல் வந்துவிட்டதா என்று. அந்தப் புதுப்பல் முளைக்கும் முன்பு காய்ச்சல் வந்து போய்விட்டாள். அந்தக் கூரையும் இப்போது மண்ணுக்குள்.

பென்சிலை அவள் எந்நேரமும் கடிப்பாள். "ஏன்டி, நான் சோறு போடலையா? பென்சிலத் திங்கிற?" என்று ஏசுவேன். அந்தப் பொக்கை வாயைக் காட்டிச் சிரிப்பாள். பல் விழுந்திருந்ததால், கடித்த தடத்தின் நடுவில் ஒரு இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இரண்டு பக்கமும் பல் பதிந்திருக்கும், நடுவில் பதிந்திருக்காது. அந்த இடத்தை நான் விரலால் தடவ வேண்டும். படத்துக்குச் சட்டம் போட்டு அனுப்பினால் அதில் எதைத் தடவுவது?

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் கொடுக்கிற நிலையிலா இருந்தேன்? யாராவது வந்து என் காதைக் கேட்டிருந்தாலும் அறுத்து எடுத்துக்கோங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

கதை எழுத உங்களுக்கு வேறு பென்சில் கிடைக்கும். ரமேஸிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
பேச்சியம்மா


மஹய்யாவ
24.01.2026

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு,

வேறு பென்சில் கிடைக்கும் என்று எழுதிவிட்டாய். உனக்கு அப்படித்தான் தோன்றும். உனக்குப் பென்சில் கேட்காமலே கிடைத்தது.

கண்டி இரும்புக்கடைக்கு ஒரு பையன் வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பியபோது எனக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தால் உன்னை அனுப்பியிருப்பார்கள். பையன் என்று கேட்டார்கள், நான் போனேன். நீ பள்ளிக்கூடம் போனாய். ஒரு தீபாவளிக்கு லீவு கிடைத்து வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன், தா என்று உன் பென்சிலைக் கேட்டேன். "கை அழுக்கு" என்று சொல்லிப் பின்னால் இழுத்துக்கொண்டாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடப் பென்சில் என்று ஒன்று என் கைக்கு வந்தது யசோதினியால்தான்.

இன்னொரு செய்தி. மார்ச் மாதம் இங்குள்ள ஒரு நூலகத்தில் எனக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள். என் கையெழுத்துப் பிரதிகளும் மேசையில் இருக்கும் மூன்று பொருட்களும் அதற்குள் இருக்கும். நிரோஷினி என்ற நூலகர் பிள்ளை வந்து அளவெடுத்துப் போயிருக்கிறது. பென்சிலுக்குக் கீழே யசோதினியின் பெயர் அச்சில் வரும். தோட்டத்தில் பிறந்து எட்டு வயதில் போன பிள்ளையின் பெயரை டவுன் ஆட்கள் குனிந்து படிப்பார்கள். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மைக்கூட்டோடு அப்படியே வைக்க வேண்டும், எடுத்துப் பார்க்கக் கூடாது, யாரும் தொடவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

என் காலத்துக்குப் பிறகு ரமேஸ் எடுத்துக்கொள்ளட்டும். இதை எழுத்தில் தந்துவிட்டேன். இதற்கு மேல் என்னை நெருக்காதே.

இப்படிக்கு,
எழுத்தாளர் செல்லச்சாமி


ஹுன்னஸ்கிரிய
31.01.2026

எழுத்தாளர் செல்லச்சாமி அவர்களுக்கு,

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். வருவதாக ரமேஸிடம் முதல்நாளே சொல்லியனுப்பியிருந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தட்டினேன். செய்தி பாதியில் நின்றது. மறுபடியும் தட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஷப்ராஸின் உம்மா எட்டிப் பார்த்தார். "ஒங்கட நாநா வெளிய போறத நான் காணல்லயே. காது கேக்காதோ?" என்றார். "நல்லா கேக்கும்" என்றேன். அந்த அம்மாள் உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் கோப்பையை வாயில் வைக்கும்போது உள்ளே நீங்கள் இருமினீர்கள். அந்த இருமலை எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கும் அதே இருமல்தான். ஷப்ராஸின் உம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டார், அண்ணே.

போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் ஆணி இருந்தது. அண்ணியின் கண்ணாடி இருந்தது. மைக்கூடு இல்லை. திருடி வருகிறாள், எடுத்து ஒளித்து வைப்போம் என்று ஒளித்துவிட்டீர்கள்.

உங்கள் கை அழுக்கு என்று நான் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொல்லியிருப்பேன். உங்கள் கையில் கிரீஸ் இருந்திருக்கும், என் கொப்பி புதியதாக இருந்திருக்கும். எனக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. அதற்கா இன்றைக்கு இந்தத் தண்டனை?

கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் டவுன் ஆட்கள் குனிந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் பெற்றவள். எனக்குப் பார்த்தால் போதாது, தொட வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று என் பிள்ளையின் பெயரை நானும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டுமா?

கடைசியாகக் கேட்கிறேன். பென்சிலைக் கொடுங்கள். இல்லையென்றால் ரமேஸ் இனி உங்கள் வாசல் மிதிக்க மாட்டான். உங்களுக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு உங்களுக்கு ஒன்று நடந்தால் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் எழுத்தில் தந்துவிட்டேன்.

பேச்சியம்மா


மஹய்யாவ
08.02.2026

பேச்சி,

இதைத் தபாலில் போடுகிறேன். ரமேஸைக் கூப்பிடவில்லை.

உள்ளேதான் இருந்தேன். ஷப்ராஸின் உம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கறி கொடுத்தனுப்புவதும் நின்றுவிட்டது. போகட்டும்.

திருடுவாய் என்று நான் மைக்கூட்டை ஒளிக்கவில்லை. நீ அந்தப் பென்சிலை வெளியே எடுத்துப் பார்ப்பாய் என்று ஒளித்தேன். பத்திரிகைப் படத்தில் மைக்கூட்டுக்கு மேலே தெரிகிற நுனியைத்தான் நீ பார்த்தாய். அதில் பல் தடம் தெரியும். கீழே பென்சில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. மைக்கூட்டின் அடியில் தாள் கசக்கிப் போட்டு அதன் மேல் நிறுத்தியிருக்கிறேன்.

பேச்சி, அந்தப் பென்சிலால் நான் எழுதினேன். ஒவ்வொரு கதைக்கும் முதல் பக்கத்தை அதனால்தான் எழுதுவேன். இரண்டாம் பக்கத்திலிருந்து பேனா. இத்தனை வருடக் கதைகள். பிளேடால் சீவிச் சீவி, இப்போது ஆணியின் பக்கத்தில் வைத்தால் ஆணியின் தலைமாட்டில் ஒரு துண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு விரலால் பிடிக்கத்தான் இடம் உண்டு. பல் தடம் முழுதாக இருக்கிறது. நீ சொன்ன வழவழப்பான இடமும் இருக்கிறது. நான் கவனித்திருக்க மாட்டேன் என்று எழுதினாயே, எழுதும்போது என் விரல் நிற்கிற இடமே அதுதான். கூர் மழுங்கியிருக்கிறது. இன்னொரு தடவை சீவினால் பிளேடு அந்தத் தடத்தில் ஏறும்.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. பென்சில் எழுதத்தான் இருக்கிறது. அவளே சொல்லியிருக்கிறாள். ஒருதரம் நான் வந்திருந்தபோது அவளாகவே அதை என் கையில் வைத்து, "கதை எழுதுங்க மாமா, நான் பாக்குறேன்" என்றாள். நீ கை அழுக்கு என்றாய். அவள் கையைப் பார்க்கவேயில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியும் முன்பே அதைக் கடித்துத் தின்று முடித்திருப்பாள். நான் இத்தனை வருடம் அதை உயிரோடு வைத்திருந்தேன்.

அந்தப் புது நாவல் யாரைப் பற்றி என்று நீ கேட்கவில்லை. அவளைப் பற்றி. இதுவரை அவளைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. தோட்டத்து லயத்து ஆட்கள், இரும்புக்கடை, உன் அண்ணி, எல்லாரையும் அவள் பென்சிலால் எழுதினேன். அவளை மட்டும் எழுத வரவில்லை. இப்போது வருகிறது. முதல் பக்கம் மனதில் முழுதாக இருக்கிறது. பிளேடைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக மாதங்கள் போகின்றன.

இதுதான் நிலைமை. இந்தத் துண்டு உனக்கு வேண்டுமா? வேண்டாம் என்று எழுதினால் எனக்கு நல்லது.

செல்லச்சாமி


ஹுன்னஸ்கிரிய
15.02.2026

அண்ணே,

வேண்டும்.

உங்கள் கடிதத்தை ரமேஸைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நானே வாசித்துவிட்டுத்தான் சொன்னேன். நான் வாசித்தது சரிதானா என்று தெரிய வேண்டியிருந்தது. அவன் பாதியில் நிறுத்தி, "அம்மா, மாமா சீவிட்டாரும்மா" என்றான். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இருந்திருந்தால் முடித்திருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், முடித்திருப்பாள். முடித்துவிட்டு வந்து என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். நான் ஏசிக்கொண்டே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிக் கொடுத்திருப்பேன். அவள் முடிப்பதும் நீங்கள் முடிப்பதும் ஒன்றா?

அவளைப் பற்றி எழுதுவதற்கு அவள் பல்லைச் சீவ வேண்டுமா? அப்படி ஒரு கதை வேண்டாம். அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுவதென்றால் பேனாவால் எழுதுங்கள்.

மூன்று நாள் இதற்குப் பதில் போடாமல் இருந்தேன். சோறு ஆக்கும்போதும் அதே நினைப்புத்தான். நான் வாங்கிக் கொடுத்தது ஒரு முழுப் பென்சில், சிவப்பும் கறுப்பும் கோடு போட்டது. நீங்கள் தரப்போவது ஒரு துண்டு. மீதி எங்கே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சீவிய மரத்தை நீங்கள் கூட்டித் தள்ளியிருப்பீர்கள், அது போய்விட்டது. ஆனால் கரி போகவில்லை. அது உங்கள் முதல் பக்கங்களில் இருக்கிறது.

அந்தப் பக்கங்களையும் எனக்குத் தர வேண்டும். அச்சடித்த புத்தகம் இல்லை. நீங்கள் கையால் எழுதிய தாள், அவள் பென்சில் பட்ட தாள், ஒன்று விடாமல். துண்டும் தாள்களும் சேர்ந்து வந்தால்தான் எனக்கு முழுப் பென்சில். கண்ணாடிப் பெட்டிக்கு மற்றப் பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

தர முடியாது என்றால் துண்டும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். ரமேஸைப் பற்றி நான் எழுதியது எழுதியதுதான்.

பேச்சியம்மா


மஹய்யாவ
08.03.2026

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதம். உன் கடிதம் வந்த அன்று பிரதிகள் இருக்கும் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். நீ கேட்டதைக் கேட்க உனக்கு என்ன துணிச்சல் என்று ஆணியிடமும் உன் அண்ணியின் கண்ணாடியிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உன் பக்கம்தான். அவள் எப்போதும் உன் பக்கம்தான்.

பிறகு பிரதிகளை எடுத்துக் கட்டவிழ்த்தேன். தைத்த நூலை வெட்டி ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தை உருவினேன். சிலதில் கரி மங்கியிருக்கிறது, மேல்தாளிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய தாளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னால் வந்து அதைக் காணோம், இதைக் காணோம் என்று எழுதாதே.

நூலகப் பிள்ளை நிரோஷினிக்கு அழுகை வராத குறை. "ஐயா, மொத பக்கமே இல்லாம பிரதிய எப்படி ஐயா வைக்கிறது? பாக்க வர்றவங்க கேட்டா என்ன சொல்ல?" என்று கேட்டது. இந்த ஆளுடைய கதைகள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும் என்று சொல் என்றேன். அப்படியானால் பெட்டியே வேண்டாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லலாம் என்றது. சொல்லட்டும் என்றேன். நேற்றுப் பெட்டியை வைத்தார்கள். ஆணியையும் கண்ணாடியையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, மைக்கூடு மட்டும் உள்ளே இருக்கிறது, வெறுமையாக. கீழே என்ன எழுதுவது என்று கேட்டார்கள். பென்சில் அம்மாவிடம் இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். யாருடைய அம்மா என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

நாவலைப் பேனாவால் தொடங்கிப் பார்த்தேன். முதல் வரி சரியாக வரவில்லை. உன் பேச்சைக் கேட்டதால் வந்த வினை. இருந்தாலும் தினமும் உட்காருகிறேன். மேசையில் ஆணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. விரல் பழக்கத்தில் அங்கே போய்த் தடவிவிட்டுத் திரும்புகிறது.

பென்சில் தாள்கட்டுக்குள் இருக்கிறது. கடையில் ஆணி சுற்றுவது போலப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சுற்று அதுதான். ரமேஸ் வந்து எடுத்துப் போகட்டும் என்று அவன் வேலை செய்யும் கடைக்குச் சொல்லியனுப்பினேன். வந்தான். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே நின்றே கை நீட்டினான். உன் பிள்ளை உன்னைப் போலத்தான். "இத எழுதி முடிச்சிட்டுக் குடுக்குறேன், உள்ள வந்து உக்காரு" என்று இந்தக் கடிதத்தைக் காட்டினேன். இப்போது கதிரையில் உட்கார்ந்திருக்கிறான், நுனியில்தான். ஷப்ராஸின் உம்மா அவனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போகிறார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். கட்டைப் பிரிக்கும் முன்பு கையைக் கழுவிக்கொள்.

உன் அண்ணன்